ஆறு சேனலும் அப்படியே வேண்டும்: சரவுண்ட் இசை வட்டுகளை ரிப் செய்யும் முறை

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்பில் ‘டைம்’ என்றொரு பாடல் உண்டு. தொடக்கத்தில் கடிகாரங்கள் டிக்டிக்கென்று ஓடும். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் அலறி மணியடிக்கும். ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் அந்தக் கடிகாரங்களைப் பழம்பொருள் கடையொன்றில் பதிவு செய்தார். நான்கு ஸ்பீக்கர் ஒலியமைப்பைச் செய்து காட்டுவதற்காகப் பதிந்தது அது. கேட்பவரைச் சுற்றி நாலு பக்கமும் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த ஓசை, 1973இல் அந்தப் பாடலுக்குள் வந்து சேர்ந்தது.

இன்று அதை ஹெட்போனில் கேட்கிறவர்கள் பாதியைத்தான் கேட்கிறார்கள். மீதிப் பாதி அலமாரியில், ஒரு வட்டுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்து, வீட்டுக் கூடத்தில் உள்ள ஆறு ஸ்பீக்கர்களுக்கும் ஒரு பொத்தானில் வந்துசேரும்படி செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. வேலை கடினமானதல்ல. ஆனால் எங்கே கவனம் தப்பினால் ஆறு சேனல் இரண்டாகச் சுருங்கிப்போகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எதற்கு இந்த வேலை?

2021 முதல் ஆப்பிள் மியூசிக் டால்பி அட்மாஸ் இசையைத் தருகிறது. அப்புறம் எதற்கு வட்டு என்று கேட்கலாம். மூன்று காரணங்கள்.

ஒன்று, தரம். இணையம் வழியாக வரும் அட்மாஸ் நொடிக்கு 768 கிலோபிட் அளவுக்குச் சுருக்கப்பட்டது. வட்டில் உள்ள ஆறு சேனல், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஒலி, சுருக்காத நிலையில் நொடிக்கு 13,824 கிலோபிட். அங்கே நம் கையில் இருப்பது எதுவும் வெட்டப்படாத மூலம்.

இரண்டு, கலவை. ஒரே தொகுப்புக்குப் பல சரவுண்ட் கலவைகள் இருக்கும். ‘டார்க் சைட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலன் பார்சன்ஸ் செய்த நான்கு சேனல் கலவை 1973இல் எல்பி தட்டாக வந்தது. 2003இல் ஜேம்ஸ் கத்ரி செய்த 5.1 (ஆறு சேனல்) கலவை எஸ்ஏசிடி வட்டில் வந்தது. 2011இல் வந்த பெரிய பெட்டியில் இரண்டும் சேர்ந்து கிடைத்தன. 2023இல் 50ஆம் ஆண்டுப் பெட்டியில் அட்மாஸ் கலவை வந்தது. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. தனித்தனி மனிதர்கள், தனித்தனிக் காலத்தில், தனித்தனிக் காதுகளோடு செய்தவை. ஸ்ட்ரீமிங் நிறுவனம் கடைசியாக வந்ததைக் கொடுக்கும். முந்தையதை வட்டு வைத்திருப்பவர்தான் கேட்க முடியும்.

மூன்று, காலம். இந்த வட்டுகளில் பெரும்பாலானவை மறுபடி அச்சாவதில்லை. இவற்றை வாசிக்கும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. எல்லா வகை வட்டையும் வாசிக்கும் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஓப்போ நிறுவனம் 2018இல் புதிய வட்டுக்கருவிகள் தயாரிப்பதை நிறுத்தியது. லேசரும் மோட்டாரும் தேய்ந்துபோகும் பொருள்கள். கருவி ஓடும்போதே இசையை எடுத்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

உங்கள் வட்டு எந்த வகை?

எல்லாம் 12 சென்டிமீட்டர் வட்டுதான். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே வேறு வேறு. உறையில் உள்ள சின்னத்தைப் பார்த்து வகையை அறிந்துகொள்ளுங்கள்.

டிடிஎஸ் சிடி: 1990களில் வந்தது. சாதாரண சிடி மாதிரியே 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். ஆனால் அந்த இடத்தில் 5.1 ஒலி குறியீடாக அடைக்கப்பட்டிருக்கும்.

டிவிடி ஆடியோ: 2000இல் கடைகளுக்கு வந்தது. ஆறு சேனலை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை தரும். டிவிடி ஆடியோவில் நொடிக்கு 9.6 மெகாபிட்டுக்கு மேல் ஒலி ஓட முடியாது. ஆறு சேனலுக்கோ 13.8 மெகாபிட் வேண்டும். அதனால் மெரிடியன் நிறுவனம் உருவாக்கிய எம்எல்பி என்ற இழப்பில்லாச் சுருக்க முறையைப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் வந்த டால்பி ட்ரூஹெச்டியும் இதன் வழிவந்ததே.

எஸ்ஏசிடி: 1999இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்தது. இதில் ஒலி டிஎஸ்டி (DSD) என்ற முறையில் பதிவாகும். நொடிக்கு 28,22,400 முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பிட். 43 நிமிடத் தொகுப்புக்கு ஆறு சேனல் டிஎஸ்டி மட்டும் சுமார் 5.5 ஜிபி, ஸ்டீரியோவுக்கு இன்னும் 1.8 ஜிபி. வட்டின் கொள்ளளவோ 4.7 ஜிபி. ஆகவே இதிலும் டிஎஸ்டி (DST) என்றே ஒலிக்கும் ஒரு சுருக்க முறை உண்டு. கடைசி எழுத்து மட்டும் வேறு. அதுவும் இழப்பில்லாததே.

புளூரே: 2013இல் யுனிவர்சல் நிறுவனம் படமில்லாமல் இசைக்காகவே புளூரே வட்டுகளை வெளியிடத் தொடங்கியது. சுருக்காத பிசிஎம், டிடிஎஸ் ஹெச்டி மாஸ்டர் ஆடியோ, டால்பி ட்ரூஹெச்டி என மூன்று வகை ஒலித்தடங்களும் இருக்கலாம். அட்மாஸ் இருந்தால் அது ட்ரூஹெச்டிக்குள்தான் இருக்கும்.

சாதாரணத் திரைப்பட டிவிடி: நம் வீடுகளில் உள்ள தமிழ்ப் பட டிவிடிகள் பலவற்றில் டால்பி டிஜிட்டல் 5.1 ஒலித்தடம் உண்டு. இது இழப்புள்ள சுருக்கம், பெரும்பாலும் நொடிக்கு 448 கிலோபிட். ஆனாலும் பாடலின் பின்பக்க ஒலி வேறெங்கும் கிடைக்காதபோது இதுவும் புதையல்தான்.

ஒவ்வொன்றையும் எடுக்கும் வழி

டிடிஎஸ் சிடியே எளிது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் சாதாரண சிடியைப் போலவே இழப்பில்லாத ஃபிளாக் கோப்பாக எடுங்கள். இயக்கினால் காதை அடைக்கும் இரைச்சல் மட்டும் வரும். பயப்பட வேண்டாம். அது குறியீடு. ஒரு பிட்கூட மாறாமல் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்குப் போனால் ரிசீவர் அதை டிடிஎஸ் என்று அறிந்து ஆறாகப் பிரிக்கும். இங்கே இரண்டு விதி: எம்பி3 ஆக மாற்றக் கூடாது, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. இரண்டில் எதைச் செய்தாலும் குறியீடு சிதைந்து வெறும் இரைச்சலே மிஞ்சும். ஃபூபார்2000 மென்பொருளில் டிடிஎஸ் துணைநிரலைச் சேர்த்தால், கணினியிலேயே பிரித்து ஆறு சேனல் ஃபிளாக்காக வைத்துக்கொள்ளலாம்.

டிவிடி ஆடியோ வட்டில் இரண்டு அடைவுகள் இருக்கும். ஒன்று வீடியோ டிஎஸ், மற்றொன்று ஆடியோ டிஎஸ். முதலாவது சாதாரண டிவிடி கருவிக்காக வைத்த டால்பி டிஜிட்டல் பதிப்பு. நமக்கு வேண்டியது இரண்டாவது. படங்களை எடுக்கும் பல மென்பொருள்கள் முதலாவதை மட்டுமே பார்க்கும். அவற்றை நம்பினால் 448 கிலோபிட் ஒலியை எடுத்துவிட்டு, உயர்தர ஒலி எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். டிவிடி ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்ற மென்பொருள் இரண்டையும் பிரித்துக் காட்டும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 6 சேனல் என்று எந்தத் தலைப்பின் எதிரே இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

புளூரேவுக்குக் கணினியில் புளூரே டிரைவ் வேண்டும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் வட்டில் உள்ளதை ஒரு பிட் மாறாமல் எம்கேவி கோப்பாக எழுதித் தரும். ஒவ்வொரு பாடலும் ஓர் அத்தியாயமாகக் குறிக்கப்பட்டிருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு. டிடிஎஸ் ஹெச்டி ஒலித்தடத்துக்குக் கீழேயே அதன் ‘கோர்’ பகுதி தனி வரியாகத் தெரியும். அது நொடிக்கு 1,509 கிலோபிட் அளவுள்ள இழப்புள்ள பதிப்பு. ட்ரூஹெச்டிக்குப் பக்கத்திலும் அதேபோல ஒரு டால்பி டிஜிட்டல் துணைத்தடம் இருக்கும். பழைய கருவிகளுக்காக வைத்தவை இவை. மேலே உள்ள முழுத்தடத்தை மட்டும் டிக் செய்யுங்கள். பிறகு மியூசிக் மீடியா ஹெல்பர் அல்லது எஃப்எஃப்எம்பெக் கொண்டு அத்தியாயவாரியாகப் பாடல்களைப் பிரிக்கலாம்.

எஸ்ஏசிடிதான் பிடிவாதக்காரன். இரட்டை அடுக்கு வட்டைக் கணினியில் போட்டால் அதன் சிடி அடுக்கு மட்டும் தெரியும். எஸ்ஏசிடி அடுக்கு பூட்டப்பட்டது, எந்தக் கணினி டிரைவுக்கும் அது திறக்காது. முதலில் வழி திறந்தது சோனி பிளேஸ்டேஷன் 3இன் ஆரம்பகால மாடல்களில். அதுவும் 3.55 பதிப்பு அல்லது அதற்கு முந்தைய உள்மென்பொருள் இருந்தால்தான். பிறகு சில புளூரே கருவிகளிலும் அது முடியும் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஓப்போ 103, 105, பயனியர் 160, சோனி எஸ்5100 ஆகியவை அவற்றில் சில. கருவியை வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து, யுஎஸ்பி பென் டிரைவில் ஒரு சிறு நிரலை வைத்துச் செருகுவார்கள். கணினியில் ஓடும் எஸ்ஏசிடி எக்ஸ்ட்ராக்ட் என்ற நிரல் கேபிள் வழியாக வட்டை முழுசாக ஐஎஸ்ஓ கோப்பாக இழுத்துக்கொள்ளும். இந்த மாடல்கள் இப்போது பழைய பொருள் சந்தையில்தான் கிடைக்கும். வாங்குவதற்கு முன் மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம்.

எந்த வடிவில் வைப்பது?

என் முடிவான கருத்து இது: முதலில் மூலத்தை மூலமாகவே வையுங்கள். ஐஎஸ்ஓ, எம்கேவி எதுவானாலும் அதை ஒரு தனி வன்தட்டில் பூட்டி வைத்துவிடுங்கள். கேட்பதற்கான கோப்பை அதிலிருந்து உருவாக்குங்கள். நாளைக்கு நல்ல மென்பொருள் வந்தாலும், இன்று ஏதாவது தவறு செய்திருந்தாலும், மறுபடி வட்டைத் தேட வேண்டாம்.

கேட்பதற்கு ஃபிளாக் போல வசதியானது வேறில்லை. எட்டு சேனல் வரை தாங்கும். இழப்பில்லை. பாடல் பெயர், அட்டைப்படம் எல்லாம் உள்ளேயே பதியும். 43 நிமிடத் தொகுப்பு சுருக்காத நிலையில் ஏறத்தாழ 4.5 ஜிபி. ஃபிளாக்கில் அது இசையைப் பொறுத்துக் கணிசமாகக் குறையும். தொகுப்புக்கு 3 ஜிபி என்று வைத்துக்கொண்டாலும் 1 டிபி வன்தட்டில் 300 தொகுப்புகளுக்கு மேல் அடங்கும்.

எஸ்ஏசிடியின் டிஎஸ்டி ஒலி ஃபிளாக்கில் நேரடியாக அடங்காது. அதை டிஎஸ்எஃப் கோப்பாக அப்படியே வைக்கலாம், அல்லது 88.2 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் பிசிஎம் ஆக மாற்றி ஃபிளாக்கில் வைக்கலாம். மாற்றும்போது இரண்டு விஷயம். ஒன்று, மாற்றிய ஒலி 6 டெசிபல் தணிந்து வரும். சிலர் அதை ஈடுகட்ட 6 டெசிபல் கூட்டுவார்கள். சில வட்டுகளில் அப்படிக் கூட்டினால் உச்சத்தில் ஒலி வெட்டுப்படும். உச்ச அளவைப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள், கூட்டினால் எல்லாப் பாடலுக்கும் ஆறு சேனலுக்கும் ஒரே அளவு கூட்டுங்கள். இரண்டு, பாடல்களைத் தனித்தனியாக வெட்டிய பிறகு மாற்றினால் ஒவ்வொரு பாடலின் விளிம்பிலும் ‘டக்’ என்றொரு ஓசை வரக்கூடும். ‘டார்க் சைட்’ போல ஒரு பாடல் அடுத்த பாடலுக்குள் வழிந்தோடும் தொகுப்பில் அது காதில் முள்ளாகக் குத்தும். ஐஎஸ்ஓவை முழுசாக ஒரே ஓட்டத்தில் மாற்றிவிட்டுப் பிறகு பிரிப்பதே நல்லது.

அட்மாஸுக்கு மட்டும் விதி வேறு. அட்மாஸில் சேனல்களோடு, ஒவ்வோர் ஓசையும் அறையில் எங்கே நகர வேண்டும் என்ற குறிப்பும் கூடவே வரும். ஃபிளாக்காக மாற்றினால் அந்தக் குறிப்பு அழிந்து, 7.1 சேனல் மட்டும் மிஞ்சும். கூரை ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும். எனவே அட்மாஸ் தடத்தை அவிழ்க்காமல், ட்ரூஹெச்டியாகவே எம்கேவி கோப்புக்குள் வைத்திருங்கள். அவிழ்க்கும் வேலையை ரிசீவரிடம் விட்டுவிடுங்கள்.

தமிழ்ப் பட டிவிடியின் டால்பி டிஜிட்டல் தடத்தையும் உள்ளபடியே வைக்கலாம். ஃபிளாக்காக மாற்றுவது கோப்பைப் பெருக்குமே தவிர, தரத்தைப் பெருக்காது.

ஆறு வரிகளைக் கண்ணால் பாருங்கள்

நான் முதன்முதலில் எடுத்த கோப்பில் ‘டைம்’ பாடலின் கடிகாரங்கள் முன்பக்கம் மட்டுமே ஒலித்தன. ஸ்பீக்கர் கம்பியைச் சந்தேகித்து அரைநாள் போனது. கடைசியில் கோப்பின் விவரத்தைப் பார்த்தால் ‘சேனல்: 2’ என்று இருந்தது. மாற்றும்போதே மென்பொருள் ஆறையும் இரண்டாகக் குழைத்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்.

எடுத்த கோப்பை ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறக்கிறேன். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு ஒலிவரிகள் தெரிய வேண்டும். ஃபிளாக்கில் வரிசை எப்போதும் இதுதான்: முன் இடம், முன் வலம், நடு, சப்வூஃபருக்கான எல்எஃப்இ, பின் இடம், பின் வலம். நான்காவது வரியைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். மற்ற வரிகள் அடர்ந்த புல்போல் இருக்க, இது மட்டும் பெரிய, மெதுவான அலைகளாக இருக்கும், அல்லது காலியாகவே இருக்கும். அந்த மெதுவான அலை வேறு வரியில் தெரிந்தால் சேனல் வரிசை குலைந்திருக்கிறது என்று பொருள். டிடிஎஸ் தன் உள்ளே நடுச் சேனலை முதலில் வைக்கும். அந்த வரிசையைத் திருத்தாமல் எழுதிவிட்டால், நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் இடது மூலையிலிருந்து வரும்.

பிறகு ‘டைம்’ பாடலின் கடிகாரங்கள் மணியடிக்கும் இடத்துக்குப் போய் ஐந்தாவது, ஆறாவது வரிகளைத் தனியாக ஒலிக்கவிடுகிறேன். அங்கே மணியோசை இருந்தால் வேலை முடிந்தது. உங்களுக்குப் பிடித்த தொகுப்பிலும் பின்பக்கம் தெளிவாக ஒலிக்கும் ஓர் இடம் இருக்கும். அதையே உங்கள் உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிடிக்கு, ஊரார் எடுத்த நகலோடு ஒப்பிட அக்யுரேட்ரிப் என்ற தரவுத்தளம் இருக்கிறது. டிடிஎஸ் சிடி தவிர்த்த சரவுண்ட் வட்டுகளுக்கு அந்த வசதி இல்லை. சந்தேகம் வந்தால் வட்டைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை எடுத்து, இரண்டு கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் வாசிப்பு சரி.

பெயரிடுவதில் சோம்பல் வேண்டாம்

ஒரே தொகுப்பின் ஸ்டீரியோ, நான்கு சேனல், 5.1, அட்மாஸ் நான்கும் ஒரே பெயரில் இருந்தால் சர்வர் மென்பொருள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஒவ்வொரு பாடலையும் நான்கு முறை காட்டும். தொகுப்பின் பெயரோடு கலவையையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ‘டார்க் சைட் 5.1, 2003’, ‘டார்க் சைட் நான்கு சேனல், 1973’ என்பதுபோல. எம்பி3டேக் மென்பொருள் இதற்குப் போதும். குறிப்புப் பகுதியில் கலவை செய்தவர் பெயரையும் எழுதி வையுங்கள். சரவுண்ட் கலவை செய்தவரும் ஒரு கலைஞர். அவர் பெயர் நம் வீட்டிலாவது நிற்கட்டும்.

ஸ்பீக்கர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது

கோப்புகள் நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியிலோ பழைய கணினியிலோ இருக்கலாம். பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற சர்வர் மென்பொருள் அவற்றைப் பட்டியலிட்டு வீட்டுக்குள் வழங்கும். ஆறு சேனல் ஃபிளாக்குக்கு நொடிக்கு 14 மெகாபிட்டுக்குள்தான் தேவை. சாதாரண லேன் கேபிளுக்கு அது தூசு. வைஃபை சுவரைத் தாண்டி வர வேண்டியிருந்தால் கேபிளே நிம்மதி.

சிக்கல் கடைசி ஐந்தடியில்தான். ஆப்டிகல் கேபிள் வழியாகப் பிசிஎம் ஒலி இரண்டு சேனலுக்கு மேல் போகாது. ஆறு சேனல் ஃபிளாக் அதில் போனால் இரண்டாகச் சுருங்கும். ரிசீவருக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் வேண்டும். ரிசீவரின் உள்ளேயே இருக்கும் நெட்வொர்க் பிளேயரையும் நம்ப வேண்டாம். பல மாடல்களில் அது ஸ்டீரியோ ஃபிளாக்கை மட்டுமே வாசிக்கும்.

ஆகவே ரிசீவருக்கு முன்னால் ஒரு சிறு பெட்டி தேவை. கோடி (Kodi) என்ற மென்பொருள் ஓடும் மினி கணினியோ ராஸ்பெரி பை 4 பலகையோ போதும். என்விடியா ஷீல்டும் நன்றாக வேலை செய்யும், அது ட்ரூஹெச்டி அட்மாஸை அவிழ்க்காமலே ரிசீவருக்கு அனுப்பும். ஆப்பிள் டிவி ஆறு சேனல் ஃபிளாக்குக்குச் சரி. ஆனால் ட்ரூஹெச்டியை அப்படியே கடத்தாது, அதனால் வட்டிலிருந்து எடுத்த அட்மாஸுக்கு அது பொருந்தாது.

அமைப்புகளில் மூன்று இடம் பாருங்கள். கோடியின் ஒலி அமைப்பில் சேனல் எண்ணிக்கை தொடக்கத்தில் 2.0 என்று இருக்கும், அதை 5.1 அல்லது 7.1 ஆக்குங்கள். டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ் ஹெச்டி ஆகியவற்றுக்குப் பாஸ்த்ரூவை, அதாவது அவிழ்க்காமல் அனுப்பும் வசதியை, இயக்குங்கள். சர்வர் கோப்பை மாற்றி அனுப்பாமல் மூலத்தை அப்படியே அனுப்புகிறதா என்று பாருங்கள். எல்லாம் முடிந்ததும் ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். ‘மல்டி சேனல்’ என்று எழுதியிருந்தால் ஆறும் வந்து சேர்ந்துவிட்டன. ‘ஸ்டீரியோ’ என்று இருந்தால் வழியில் எங்கோ யாரோ குழைத்துவிட்டார்கள், ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போய்த் தேடுங்கள்.

ஸ்பீக்கர் வைக்கும் இடமும் இசையின் பகுதிதான். முன் ஸ்பீக்கர்கள் நேர்க்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகையில், பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள் என்பது சர்வதேச ஒலிபரப்பு நெறிமுறை. அதாவது பின் ஸ்பீக்கர் உங்கள் முதுகுக்கு நேர்பின்னே இருக்கக் கூடாது, தோளுக்குச் சற்றுப் பின்னே இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதை மறைக்காமல் பேச வேண்டும். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை அனுமதிக்கிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் 1998 சட்டம் பூட்டை உடைப்பதையே தடை செய்கிறது, சொந்த வட்டு என்பது பொதுவாக அங்கே விலக்கல்ல. பிரிட்டனில் சொந்த நகலுக்கு 2014இல் அனுமதி வந்தது, 2015இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தை அறிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சட்டத்துக்கு அப்பால் நேர்மை என்ற ஒன்றும் உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வட்டை, உங்கள் வீட்டில், நீங்கள் கேட்பதற்காக எடுங்கள். கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். எடுத்த பிறகு வட்டை விற்றுவிட்டுக் கோப்பை மட்டும் வைத்துக்கொள்வதும் சரியல்ல. சரவுண்ட் வட்டுகள் குறைந்த எண்ணிக்கையில்தான் அச்சாகின்றன. ஒவ்வொரு விற்பனையும்தான் அடுத்த வட்டு வருவதற்குக் காரணமாகிறது.

இன்றே தொடங்குங்கள்

பத்து வட்டு இருக்கிறதென்றால் பத்தையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. மிகவும் பிடித்த ஒன்றை எடுங்கள். மூலத்தைச் சேமியுங்கள், ஃபிளாக் செய்யுங்கள், ஆறு வரியையும் பாருங்கள், ஒருமுறை முழுசாக உட்கார்ந்து கேளுங்கள். அது சரியாக வந்தபின் அடுத்ததற்குப் போங்கள். எடுத்ததை இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். வட்டையும் தூக்கி எறியாதீர்கள். நிழலான இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். உங்கள் கோப்பு எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதற்கு அந்த வட்டுதான் சாட்சி.